வாங்கைத் தாண்டினால் சுத்தப் பக்கம்: ஸ்காபரோவின் பியூஸ் லேன் பூங்கா

முப்பது வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறேன். நயாகராவுக்குப் போனது பத்தொன்பது தடவை. லண்டனிலிருந்து யார் வந்தாலும் நயாகரா, யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்தாலும் நயாகரா. வான் பிடித்து, புளிச்சோறு கட்டி, நனைந்து, படமெடுத்துத் திரும்புவோம். அந்த நீர்வீழ்ச்சிக்கே என் முகம் அலுத்திருக்கும். அதனால் இந்த வருடம் ஒரு முடிவெடுத்தேன். கோடை முடியும்வரை பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் திரும்பக்கூடிய, இதுவரை பார்க்காத இடங்களுக்கு மட்டும்தான் போவது. கிழமையில் ஐந்து நாளும் டெலிவரி வான் ஓட்டுகிறவனுக்குச் சனிக்கிழமை ஸ்டியரிங் பிடிக்காமல் இருப்பதே பெரிய சுகம்.

அப்படித்தான் யூன் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, நானும் மனைவி சுகந்தியும் பியூஸ் லேன் நினைவுப் பூங்காவுக்குப் போனோம். அஜின்கோர்ட்டில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடையின் கண்ணாடியில், கல்யாண மண்டப விளம்பரத்துக்கும் ரியூஷன் விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘இரண்டாம் உலக யுத்தத்தில் ஸ்காபரோப் பெண்கள் செய்த வேலை. முதல் தடவையாகத் தமிழில் சுற்றிக் காட்டப்படும். சனி காலை 11.00. சரியாக 11.00.’ அந்தச் ‘சரியாக’வின் கீழே இரண்டு கோடுகள். எங்கள் ஆட்களை நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்கவேண்டும் என்று எனக்கு உடனே பட்டது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக என் பதிவில் எழுத்தைவிடப் படங்கள்தான் அதிகம். இதில் முக்கியமான அறையின் படம் ஒன்றுகூட இல்லை. காரணம் கீழே வரும்.

காலை 9.50க்கு வீட்டை விட்டு இறங்கினோம். கென்னடி வீதியில் தெற்கே போகும் 43ஆம் இலக்க பஸ் 9.58க்கு வந்தது. கென்னடி ஸ்டேஷனுக்கு இருபத்தொரு நிமிடம். அங்கே மாறி, எக்ளின்ரன் வழியாக மேற்கே போகும் பஸ்ஸில் பதினொரு நிமிடம். கார்ட்டில் ஆளுக்கு 3 டொலர் 30 சதம். இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறி ஏறினால் திரும்பக் கட்டத் தேவையில்லை. இறங்கிய இடத்திலிருந்து 850 மீற்றர் நடை. இந்த நடையில் அழகை எதிர்பார்க்காதீர்கள். ரயர்க் கடை, தளபாடக் களஞ்சியம், காலியான கார்த் தரிப்பிடம், இன்னொரு ரயர்க் கடை. ‘இதைவிட நயாகரா பறவாயில்லை’ என்றார் சுகந்தி.

பிறகு திடீரென்று இரண்டு களஞ்சியங்களுக்கு நடுவில் பச்சை தெரிகிறது. லைலாக் பற்றைகள், புல்வெளி, நீளமான ஒற்றை மாடிக் கட்டடம் ஒன்று. அவ்வளவுதான் பூங்கா. ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் யுத்தத் தளபாட ஆலைகள். மிஞ்சிய ஒரேயொரு கட்டடத்தையும் இடிக்கப்போனபோது, அங்கே வேலை செய்த பெண்களின் மகள்மார் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கி அதைக் காப்பாற்றினார்களாம். நிலம் நகரசபையுடையது. புல் வெட்டுவதிலிருந்து கூரை ஒழுக்கை அடைப்பதுவரை மற்றெல்லாம் சங்கத்தின் பாடு. சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை. வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. விரும்பினால் ஐந்து டொலர் போடலாம்.

வாசலில் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருவர் யோகா அக்கா, அன்றைய எங்கள் வழிகாட்டி. அறுபது வயதிருக்கும். கழுத்துவரை பொத்தான் பூட்டிய நீலச் சட்டை, கையில் தாள்கள். மற்றவர் லிண்டா, சங்கத்தின் தலைவி. எழுபது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. அவருடைய தாய் இந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர். லிண்டாவின் கையில் ஒரு படிவம்.

எங்களோடு இன்னும் ஆறு பேர். அதிலே நான்கு பேர் 11.00க்கு வந்தார்கள், இரண்டு பேர் 11.12க்கு. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் யோகா அக்கா மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்தார். எல்லோரும் சேர்ந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இண்டைக்கு உங்களுக்குச் சுத்துலா, எனக்குச் சோதினை. லிண்டா பின்னாலை வந்து பாப்பா. சரிவந்தா மாதத்திலை ரெண்டு சனி தமிழிலை வைப்பினம். சரிவராட்டி இண்டையோடை சரி. தயவுசெய்து கேள்வி கேளுங்கோ. கேள்வி கேட்டா அதுக்கும் அவவின்ரை தாளிலை ஒரு பெட்டி இருக்கு, சரி போடுவா.”

தமிழ் தெரியாத லிண்டா தமிழ்ச் சுற்றை எப்படிப் பரீட்சிப்பார் என்று எனக்கு ஆவல் வந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். படிவத்தில், சுற்றில் நின்று பார்க்கும் ஐந்து தரிப்புகளுக்கு ஐந்து வரிகள். ஒவ்வொன்றிலும் நேரம், வழிகாட்டி ஆட்களோடு நின்றாரா, ஆட்கள் கேள்வி கேட்டார்களா. இதற்குத் தமிழ் தேவையில்லைதான்.

யோகா அக்காவுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் முதல் தரிப்பிலேயே தெரிந்துகொண்டோம். அவர் ஸ்காபரோவில் கார் சீற் தைக்கும் ஆலையொன்றில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். ஆலை மூடியபிறகு ஒரு நாள் இந்தப் பக்கம் நடந்து போகையில் கதவு திறந்திருக்க உள்ளே வந்திருக்கிறார். அதன்பின் நான்கு வருடமாகத் தொண்டர். “எங்கடை பொம்பிளையள் எத்தினை பேர் இந்த றோட்டிலை ஷிஃப்ற் வேலை செய்தவை. எங்களுக்கு முன்னாலையும் இதே பனியிலை பஸ்ஸுக்கு நிண்டவை இருந்தவை எண்டு தெரியவேணுமே” என்றார். இந்தச் சுற்றைத் தரச் சொல்லிச் சங்கக் கூட்டத்தில் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

முதல் தரிப்பு, சுரங்கப்பாதை. ஆலைக் கட்டடங்களை நிலத்துக்குக் கீழே இணைத்த பாதையின் வாய். இப்போது இரும்புக் கம்பி போட்டு மூடியிருக்கிறது. யூன் வெயிலில் அதனருகே நின்றால் குளிர்காற்று காலில் படுகிறது. குனிந்து பார்க்காமல் வராதீர்கள்.

இரண்டாவது, படங்களின் சுவர். இங்கே செய்தது பியூஸ். வீட்டு மின்சாரத்தில் போகிற பியூஸ் அல்ல. பீரங்கிக் குண்டின் மூக்கில் பூட்டும் சின்னக் கருவி. கை நிறைய வராத அந்தச் சாமானுக்குள் வெடிமருந்தை அளந்து நிரப்பி மூடுவதுதான் வேலை. செய்தவர்களில் பெரும்பாலானோர் இளம் பெண்கள். சிலர் கனடாவின் மேற்கு மாகாணங்களின் பண்ணைகளிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். பலரின் கணவனோ காதலனோ கடலுக்கு அப்பால் யுத்தத்தில்.

ஒரு பெரிய படத்தில் மேசையருகே வேலை செய்யும் பெண்ணின் கைகள் மட்டும் தெரிந்தன. இடக்கை மோதிர விரலில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. கேள்வி கேட்கச் சொன்னாரே என்று கேட்டேன்: “அக்கா, விரலிலை உது என்ன?”

“காயமாக்கும் தம்பி. ஃபக்ரறியிலை நிண்டா விரலிலை பிளாஸ்ரர் இல்லாத நாளே இல்லை. எங்களுக்கும் அப்பிடித்தான்” என்றார். சுகந்தியும் தலையாட்டினார், அவரும் ஒரு காலத்தில் பிஸ்கற் ஆலையில் நின்றவர். லிண்டா கேள்விப் பெட்டியில் சரி போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது தரிப்புத்தான் வாங்கு. அறையின் குறுக்கே, சுவரிலிருந்து சுவர்வரை, முழங்கால் உயரத்தில் நீளமாக ஒரு மர வாங்கு. இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். அப்போதே அப்படித்தான் பெயராம். வெளியே போட்டுவந்த உடுப்பு, சப்பாத்து, கொண்டை ஊசி, தோடு, நெருப்புப்பெட்டி எல்லாவற்றையும் அழுக்குப் பக்கத்தில் கழற்றி வைத்து, வாங்கில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மற்றப் பக்கம் போட்டு, வெள்ளை அங்கியும் தலைத்துணியும் அணிந்துதான் உள்ளே போகலாம். ஒரு கொண்டை ஊசி உரசிப் பொறி பறந்தால் போதும்.

இப்போது அங்கே வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனாலும் சங்கம் அந்தச் சட்டத்தை விடவில்லை. வருகிற எல்லோரும் உலோகம் எல்லாவற்றையும் ஒரு மரத் தட்டில் வைத்துவிட்டு, அங்கி அணிந்து, வாங்கைத் தாண்டித்தான் போகவேண்டும். தொலைபேசியும் தட்டுக்குத்தான். வேலை செய்தவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை அது என்று யோகா அக்கா விளங்கப்படுத்தினார். தட்டுகள் பூட்டிய அலமாரிக்குள் போகும், பயப்படத் தேவையில்லை.

எங்கள் கூட்டத்தில் எண்பது வயதுள்ள ஓர் அங்கிள் இருந்தார். பென்ஷன் எடுத்த கணக்காளர், பகிடிக்காரர். “பிள்ளை, என்ரை முழங்காலுக்குள்ளை இரும்பு வைச்சுத் தைச்சிருக்கு. அதையும் தட்டிலை வைக்கவோ?” என்றார். எல்லோரும் சிரித்தோம். பெண்கள் காப்பு, தோடு, சங்கிலி எல்லாம் கழற்றினார்கள். சுகந்திக்குக் கழற்ற அதிகம் இல்லை. அவருடைய தாலிக்கொடி பாங்க் லொக்கரில் இருக்கிறது. கல்யாண வீடுகளுக்கு மட்டும் வெளியே வரும். ரொறன்ரோவில் இப்போது பெரும்பாலான தாலிக்கொடிகளின் விலாசம் அதுதானே.

நான் மணிக்கூட்டையும் வீட்டுத் திறப்புகளையும் பெல்ற்றையும் வைத்தேன். தொலைபேசியை வைக்கவில்லை. காற்சட்டையின் இடது பொக்கற்றில் விட்டு, மேலே அங்கியைப் போட்டுக்கொண்டேன். அந்த அறையின் படம் இணையத்தில் எங்கேயும் இல்லை. நான் போட்டால் முதல் ஆளாக இருப்பேன். வாசகர்களுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கிகள் நல்ல பருத்தி, உறுதியான தையல். யார் தைத்தது என்று கேட்டேன். “நான்தான். எல்லா அளவும் இருக்கு. உங்களுக்கு இன்னும் பெரிசு வேணும்போலை” என்று என் வயிற்றைப் பார்த்துச் சொன்னார் யோகா அக்கா. ஒவ்வொருவராக வாங்கில் உட்கார்ந்து காலைத் திருப்பி மறுபக்கம் போனோம். அங்கிளைக் கைகொடுத்துத் தாண்டவைத்தோம். லிண்டாவும் தாண்டினார். யோகா அக்கா தாண்டவில்லை.

“நீங்கள் உள்ளுக்குப் போங்கோ. நான் இதிலை நிண்டு சொல்லுறன்” என்றார்.

நான்காவது தரிப்பு, நிரப்பும் அறை. இந்த இடத்தின் உயிரே அதுதான். நாங்கள் எட்டுப் பேரும் லிண்டாவும் உள்ளே நிற்கிறோம். வழிகாட்டி அடுத்த அறையில், வாங்குக்கு அந்தப் பக்கம் நின்று உரத்துக் கத்துகிறார். “இடப்பக்கம் பாருங்கோ, நீளமா மேசை இருக்கும்!” இடப்பக்கம் இருந்தது ஜன்னல். “வலப்பக்கம் ஜன்னல். அதிலை ஏன் கம்பி இல்லையெண்டா...” வலப்பக்கம் இருந்தது மேசை. “நேரை மணிக்கூடு!” மணிக்கூடு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். லிண்டாவின் பேனா நான்காவது வரியின் மேல் நின்றபடியே இருந்தது. ‘வழிகாட்டி ஆட்களோடு நின்றாரா’ என்ற பெட்டி.

இந்த இடத்தில் என் குணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு ஒன்று விளங்காவிட்டால் வாய் சும்மா இருக்காது. நேரம், இடம், ஆள் பார்க்கத் தெரியாது. வாசலுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன்: “அக்கா, குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் இந்த அறைக்குள்ளை எப்பவாவது வந்திருக்கிறியளோ?”

யோகா அக்கா தாளை மடித்தார். “இல்லைத் தம்பி.”

“நாலு வருஷத்திலையுமோ?”

“ஓம்.”

சுகந்தி என் முழங்கையில் கிள்ளினார். “என்னப்பா, உங்களுக்கு வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதோ?” லிண்டாவும் என்னருகே வந்து மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: அவருக்கு முழங்கால் வருத்தம், வாங்கைத் தாண்ட முடியாது. அதோடு ஒரு யுத்தத்திலிருந்து வந்தவர். இந்த அறை அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். நாங்கள் கேட்பதில்லை.

இதைக் கேட்ட அங்கிள் அதற்குள் வாங்கருகே போய்விட்டார். “முழங்காலோ பிள்ளை? நான் பிடிக்கிறன், வாரும். இந்த இரும்புக்காலோடை நானே தாண்டியிட்டன்” என்று கையை நீட்டினார். நிற்கவே தடுமாறுகிற மனிதர், நடுங்குகிற கை. யோகா அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“முழங்கால் சும்மா சொன்னது அங்கிள்” என்றார். “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.”

சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து, உள்ளேயிருந்து தாலிக்கொடியை எடுத்து வெளியே விட்டார். முறுக்குக் கொடி, பழைய வேலைப்பாடு.

“இது எனக்குக் கழட்டேலாது. அவர் ஒருநாள் காலமை வேலைக்கெண்டு சைக்கிளிலை போனவர். பிறகு வரேல்லை. இருபத்தெட்டு வருஷம். உயிரோடை எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை, இல்லை எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. இதைக் கழட்டித் தட்டிலை வைச்சா, அவர் இல்லை எண்டு நானே சொன்ன மாதிரி. அரை மணித்தியாலத்துக்கெண்டாலும் நான் சொல்லமாட்டன்.”

சுகந்திதான் கேட்டார்: “சட்டைக்குள்ளை விட்டிட்டு வந்திருக்கலாமே அக்கா? ஆர் பாக்கப்போகினம்?”

“ஃபக்ரறியிலை அப்பிடித்தான் பத்தொன்பது வருஷம் ஒளிச்சனான். அது கொம்பனி. இங்கை வேலை செய்த பிள்ளையள் இந்தச் சட்டத்தைப் பிடிச்சபடியாத்தான் உயிரோடை வீட்டை போனவை. அவையின்ரை வாங்கிலை இருந்துகொண்டு நான் களவு செய்யிறதோ?”

என் இடது பொக்கற்றில் இருந்தது நூற்றெழுபது கிராம்தான். அந்த நேரத்தில் அது எனக்குத் தாங்கமுடியாத பாரமாக இருந்தது.

லிண்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன நடக்கிறது என்று சுகந்தியைக் கேட்டார். சுகந்தி நிதானமாக, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். கேட்டு முடிந்ததும் லிண்டா வாங்கில் உட்கார்ந்துவிட்டார். யோகா அக்காவைப் பார்த்து, ஏன் இத்தனை நாளும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

“நீங்கள் கேக்கேல்லையே” என்றார் யோகா அக்கா, ஆங்கிலத்தில்.

கேட்டால் உனக்கு நோகும் என்று நினைத்தேன் என்றார் லிண்டா. பிறகு எழுந்து, படச் சுவர் இருக்கும் அறைக்கு யோகா அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்களும் அங்கிகளோடு வாங்கைத் திரும்பத் தாண்டிப் பின்னால் போனோம். நான் கேள்வி கேட்ட அந்தப் படத்தின் முன்னால் லிண்டா நின்றார். அது என்னுடைய அம்மாவின் கை என்றார். விரலில் காயம் இல்லை. கல்யாண மோதிரம். கழற்றமாட்டேன் என்று நின்ற பெண்களுக்கு, வாங்கருகிலேயே அந்த மோதிரத்தைப் பருத்திப் பட்டியால் சுற்றி மூடி உள்ளே விடுவார்கள். அப்பா அப்போது கடலில், கப்பலில் இருந்தார். அப்பா திரும்பி வந்தார், அம்மா அதிர்ஷ்டக்காரி என்றார். இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துப் படத்தின் கீழே எழுதாமல் விட்டுவிட்டேன் என்றும் சொன்னார்.

யோகா அக்கா படத்துக்கு மிக அருகே போய்ப் பார்த்தார். “நாலு வருஷமா இந்தப் படத்தைத் தூசி தட்டினது நான்” என்றார் எங்களிடம்.

லிண்டா கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். பட்டி சுற்றி உள்ளே விடலாம் என்ற அந்தக் காலத்துச் சட்டத்தில் மோதிரம் என்றுதான் இருக்கிறது, சங்கிலி என்று இல்லை என்றார். இனி என்ன என்று எங்களுக்குத் திக்கென்றது. பிறகு அவரே, கழற்ற முடியாததற்காகத்தானே அந்தச் சட்டமே வந்தது என்று சொல்லிவிட்டு, வாங்கருகே போய்த் தட்டுகள் இருந்த அலமாரியைத் திறந்து, அதன் லாச்சியிலிருந்து வெள்ளைப் பருத்திப் பட்டிச் சுருள் ஒன்றை எடுத்தார்.

யோகா அக்காவும் லிண்டாவும் சுகந்தியும் மூலையில் இருந்த ஒரு திரைக்குப் பின்னால் போனார்கள். ஆண்கள் நாங்கள் மூன்று பேரும் வெளியே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பட்டி கிழியும் சத்தம் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டது. விரல் மோதிரத்துக்கு இரண்டு சுற்றுப் போதும். எங்கள் கொடிக்கு ஒரு சுருள் முழுவதும் போனது. “இந்த நீளத்துக்கு அந்தக் காலத்திலை ஒருத்தரும் சுத்தியிருக்கமாட்டினம்” என்று அங்கிள் சொன்னார். உள்ளேயிருந்து யோகா அக்கா சிரிப்பது கேட்டது. பதினாறு நிமிடம் பிடித்தது.

அந்தப் பதினாறு நிமிடத்துக்குள் நான் ஒரு வேலை செய்தேன். தொலைபேசியை எடுத்தேன். உள்ளே களவாக இரண்டு படம் எடுத்திருந்தேன். இரண்டையும் அழித்துவிட்டு, லிண்டா திறந்தபடி விட்டிருந்த அலமாரியில் என் தட்டைத் தேடி, திறப்புகளுக்குப் பக்கத்தில் தொலைபேசியை வைத்தேன். அங்கிள் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

யோகா அக்கா வெளியே வந்தபோது கொடி முழுவதும் வெள்ளையாக, சட்டைக்கு வெளியே கிடந்தது. தான் தைத்த அங்கிகளில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவையாம். கழுத்துப் பக்கத்தை இழுத்துப் பார்த்து, “அரை அங்குலம் கூட வெட்டியிருக்கவேணும்” என்றார். வாங்கில் உட்கார்ந்தார். முதலில் வலது காலைத் தூக்கி மறுபக்கம் வைத்தார்.

உள்ளே போனவர் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “ஐயோ, நான் வரைபடத்தைத் தலைகீழாப் பிடிச்சுப் பாடமாக்கியிருக்கிறன்!” தாள்களை மடித்து என் கையில் தந்தார். அதற்குப் பிறகு ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

நேரே மேசைக்குப் போய் உயர ஸ்ரூலில் உட்கார்ந்தார். இடக்கையால் பியூஸை எடுப்பது, வலக்கையால் நிரப்புவது, மூடுவது, தள்ளுவது என்று வெறும் கையாலேயே செய்துகாட்டினார். அந்தக் கைகள் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. “ரெண்டு கிழமையிலை கை தன்ரை பாட்டிலை போகும். பிறகு மனம்தான் பிரச்சினை. அது எங்கையெல்லாம் போகும் எண்டு தைச்சவைக்குத் தெரியும்” என்றார். எங்களோடு வந்த பெண்களில் ஆலை வாசல் மிதிக்காதவர் ஒருவர்தான். மற்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். சாப்பாட்டு நேரம் எவ்வளவு? மாதவிலக்கு நாளில் என்ன செய்தார்கள்? லைன் லீடர் கத்துவாரா? பிள்ளைகளை யார் பார்த்தது? தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததை லிண்டாவிடம் கேட்டுத் திருப்பிச் சொன்னார். இருபது நிமிடம் என்று போட்டிருந்த தரிப்பு நாற்பத்தைந்து நிமிடம் போனது. லிண்டா நேரப் பெட்டியை நிரப்பவேயில்லை.

ஐந்தாவது தரிப்பு லைலாக் தோட்டம். பூக்காலம் முடிந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு சுவரில் வேலை செய்த பெண்களின் பெயர்கள், தெரிந்த அளவுக்கு. பல இடங்களில் முதற்பெயர் மட்டும். சிலது வெறும் கல். வெறும் கல்லையும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று சுகந்தி கேட்டார். ஆள் இருந்தது தெரியும், பெயர் தெரியாது, தெரிய வந்தால் எழுதலாம் என்று லிண்டா சொன்னார். யோகா அக்கா அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவர் அழவில்லை, நாங்கள் சிலர் அழுதோம்.

திரும்பும்போது கத்தரிக்கோலோடு லிண்டா வந்தார், பட்டியை வெட்டிவிட. “இருக்கட்டும்” என்றார் யோகா அக்கா. அவரும் எங்கள் பஸ்ஸிலேயே கென்னடி ஸ்டேஷன்வரை வந்தார். எங்களுக்கு எதிர்ச் சீற்றில் உட்கார்ந்திருந்தார். மேல் பொத்தானைப் பூட்டவில்லை. பக்கத்தில் இருந்த பிலிப்பினோப் பெண் ஒருவர் அந்த வெள்ளைக் கயிறு என்ன என்று கேட்க, கென்னடி வரும்வரை அவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டே வந்தார். ஸ்டேஷனில் இறங்கும்போது, நான் அப்படிக் கேட்டது பிழை என்று மன்னிப்புக் கேட்டேன். “எல்லாருக்கும் முன்னாலை கேட்டது பிழைதான் தம்பி” என்றார். “கேட்டது பிழையில்லை.”

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். கட்டடம் மே முதல் ஒக்ரோபர்வரை, வியாழன் தொடக்கம் ஞாயிறுவரை, காலை 10 முதல் மாலை 4 வரை. தோட்டம் எப்போதும் திறந்திருக்கும். கார் என்றால் பன்னிரண்டு இடங்கள் இருக்கின்றன, இலவசம். முழுச் சுற்றுக்கும் ஒன்றரை மணித்தியாலம் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாப்பாடு இல்லை. எக்ளின்ரனில் இறங்கும் இடத்தில் ஒரு கோப்பிக் கடையும், திரும்பும் வழியில் கென்னடியில் கொத்துரொட்டிக் கடைகளும் உண்டு. எங்களுக்குப் பஸ், கோப்பி, பெட்டியில் போட்டது எல்லாமாக இரண்டு பேருக்கும் முப்பது டொலருக்குள் முடிந்தது. காலில் சொக்ஸ் போட்டுப் போங்கள். சப்பாத்தும் அழுக்குப் பக்கத்தில்தான். தொலைபேசியைத் தட்டில் வையுங்கள். உண்மையாகவே வையுங்கள். அந்த அறையின் படம் இணையத்தில் இன்னும் இல்லை, என்னால் வரப்போவதும் இல்லை.

மூன்று கிழமை கழித்து, மரக்கறிக் கடைக் கண்ணாடியில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மாதமும் முதலாம், மூன்றாம் சனி, தமிழில், காலை 11.00. ‘சரியாக’வின் கீழே இப்போது மூன்று கோடுகள். அடுத்த சனியே மச்சாளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனோம். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்து நிற்கிறோம் என்று யோகா அக்காவிடம் சொல்லத்தான்.

படத்தின் கீழே இப்போது ஒரு குறிப்பு இருக்கிறது: கல்யாண மோதிரம், பருத்திப் பட்டி சுற்றியது. வாங்கருகே, தட்டுகளுக்கு மேலே ஒரு புதுப் பலகையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி. ‘கழற்ற முடியாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். எங்களிடம் பட்டி இருக்கிறது.’

இந்த வசனம் யார் எழுதியது என்று யோகா அக்காவிடம் கேட்டேன். இந்தமுறை பக்கத்தில் போய், மெதுவாகத்தான் கேட்டேன்.

“லிண்டா என்ன எழுதுறது எண்டு கேட்டவ” என்றார். “நான் சொன்னன்.”